யாரு கூட்டியாந்தது?

ராஜாத்தி தன் அம்மா குஞ்சம்மாளின் வாயில் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தபோது, டில்லி கரோல் பாக் குடிசைச் சந்துக்குள் தர்மபுரிப் பேச்சு கேட்டது. மதராஸ் வண்டியிலிருந்து இறங்கி நேராக வந்திருந்த நாலு பெண்கள். முன்னால் மாதம்மா.

மூன்று நாளாகப் பேசாமல் கிடந்த குஞ்சம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"யாருடி கூட்டியாந்தது?"

"யாரும் கூட்டியாரலக்கா. நாங்களா வந்தம். ஒனக்கு ஒடம்பு முடியலன்னு ராஜாத்தி லெட்டர் போட்டுச்சு."

"எப்பத் திரும்பறீங்க?"

"நாளைக்கே. கறவ மாட்ட வுட்டுட்டு எத்தன நாளு இருக்க முடியும்?"

குஞ்சம்மாள் சிரித்தாள். சத்தம் வரவில்லை, வயிறுதான் குலுங்கியது.

பதினைந்து வயதில் அவளை 'வீட்டு வேலை' என்று ஒருவன் டில்லிக்குக் கூட்டிவந்து, ஒரு பங்களாவில் இரண்டு வருஷம் பூட்டி வைத்திருந்தான். தப்பி வந்த பிறகு பாத்திரம் தேய்த்துப் பிழைத்தாள். ஓய்வு கிடைத்தால் ஸ்டேஷனுக்குப் போய் நிற்பாள். மிரண்ட பெண்களோடு எவனாவது இறங்கினால், அவர்களிடம் 'யாரு கூட்டியாந்தது?' என்று இதே கேள்வியைக் கேட்பாள். போலீஸ் வரும்வரை அவன் சட்டையை விடமாட்டாள். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவள்தான் மாதம்மா. மறு வருஷமே வேறொருவனோடு வந்து இறங்கினாள்.

"ஏன்டி மறுபடி வந்த?"

"கெணறு வத்திப்போச்சுக்கா. அங்க இருந்து என்ன பண்றது?"

குஞ்சம்மாள் அன்றே, தான் வேலை பார்த்த வீட்டு வேதாந்தத்திடம் போய் நின்றாள். அவர் விவசாய அமைச்சகத்தில் குமாஸ்தா.

"நான் லீவு லெட்டர் பாக்கற செக்‌ஷன்மா," என்றார் அவர்.

"லெட்டர்தானே சாமி, எழுதுங்க."

அவள் விரட்ட விரட்ட மூன்று வருஷம் மனு எழுதினார். மாதம்மாவின் ஊருக்கு ஆழ்கிணறு வந்தது, கறவை மாடு வந்தது, பால் சங்கம் வந்தது. ஆள் பிடிக்க வந்தவன் மோர் குடித்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினான்.

"போலீஸ்காரரு தொப்பியத் தட்டிவுட்டியே, ஞாபகமிருக்காக்கா?" என்று இப்போது மாதம்மா ஆரம்பித்தாள். ஆளுக்கொரு கதை. குடிசையே சிரித்தது. அந்தச் சிரிப்போடு ராஜாத்தி மறுபடி ஸ்பூனை நீட்டினாள். கஞ்சி கடைவாயில் வழிந்தது. அம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

வேதாந்தம் ஆபீசிலிருந்து ஓடிவந்தார். தலைமாட்டில் நின்று, "இனிமே என்னை யார் விரட்டப் போறா?" என்று மூக்கை உறிஞ்சினார். பெண்களுக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

மத்தியானம் ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவி, குளித்து, ஈரத்தலையோடு சந்தில் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்தது. எதிரே பால்காரனின் எருமை சுரக்காமல் அடம்பிடித்துக் காலை உதறியது. மாதம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனாள்.

"அவன நவுரச் சொல்லு புள்ள."

"பையா, ஜரா ஹட்டோ," என்று பால்காரனிடம் இந்தியில் சொன்னாள் ராஜாத்தி.

மாதம்மா குந்தி உட்கார்ந்து மடியை நீவிவிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காலி வாளியின் அடியில் சர்ரென்று பால் இறங்கியது. ராஜாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, எருமையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.