மான்டானா பக்கம் பேசியவன்

சிவபாண்டிக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பழக்கமானது சென்னையில். காலேஜ் முடித்த கையோடு அங்கே ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அமெரிக்காவில் நடக்கிற ஆட்டங்களை வீடியோவில் பார்த்து, பந்தை யார் எறிந்தார், யார் பிடித்தார், எங்கே விழுந்தார் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் வேலை. கூட இருந்தவர்கள் ஷிஃப்ட் முடிந்ததும் அதை மறந்துவிட்டு பஸ் ஏறினார்கள். இவனுக்கு அது பித்தாகிவிட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து சொந்த ஊரான வெம்பக்கோட்டைக்கே திரும்பி, சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பித்து தெளியவில்லை. காலையெல்லாம் ராகு காலமும் எமகண்டமும் தேதிக்குச் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பான். மத்தியானம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவிலிருந்த பேப்பர் குடோனுக்குப் போய், தவுபிக்கிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவான்.

தவுபிக் அவனோடு காலேஜில் படித்தவன். குடோன் அவன் அத்தாவுடையது. நல்ல நிறம், நல்ல உயரம், கணீரென்ற குரல். கல்யாண வீட்டில் மைக்கைக் கையில் கொடுத்தால் பந்தியில் உட்கார்ந்தவர்கள்கூடச் சோற்றில் கை வைத்தபடி கேட்பார்கள். யூடியூபில் சேனல் ஆரம்பிக்கலாம் என்று சொன்னது அவன்தான்.

"மாப்ளே, இம்புட்டு விசயத்த மண்டைக்குள்ள வச்சுக்கிட்டு எங்கிட்ட மட்டும் சொல்லிக்கிட்டிருக்க. இதத் தமிழ்ல சொல்ல ஒரு பய கெடையாது. நீ எழுது, நான் பேசுதேன்."

அப்படித்தான் தொடங்கியது. பேப்பர் கட்டுகளை அடுக்கி மேசையாக்கி, செல்போனை நிறுத்திப் படம் பிடித்தார்கள். முதலில் ஆட்டத்தின் விதிகளைச் சொன்னார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை கப்புக்காக நடக்கிற ஃபைனலுக்குச் சூப்பர் பவுல் என்று பெயர். க்வார்ட்டர்பேக் என்பவர்தான் ஆட்டத்தின் மூளை. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். எதிராளிகள் பாய்ந்து வந்து சாய்ப்பதற்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். 'குவார்ட்டர்' என்ற சொல்லை வைத்துக் கமெண்டில் பாதிப் பேர் கேலி செய்தார்கள். சிவபாண்டியின் மனைவி பாண்டிலட்சுமியே, இவன் போனில் "குவார்ட்டர்" என்று பேசுவதைக் கேட்டு இரண்டு நாள் சந்தேகமாகப் பார்த்தாள்.

சேனல் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு வீடியோவால். எல்லாக் காலத்துக்கும் பெரிய க்வார்ட்டர்பேக் யார் என்று இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடியது. தவுபிக் டாம் பிரேடி பக்கம். சிவபாண்டி ஜோ மான்டானா பக்கம். இரண்டு பக்கத்தையும் எழுதியது சிவபாண்டி.

"டீமுகளுக்கு ஆளெடுக்கும்போது பிரேடிக்கு முன்னால நூத்தித் தொண்ணூத்தெட்டு பேர எடுத்துட்டாக. வேண்டாத சரக்குன்னு கடைசியில எடுத்த ஆளு. அந்த ஆளு ஏழு சூப்பர் பவுல் ஜெயிச்சாரு. ஏழு! சில டீமு பொறந்ததுல இருந்து ஒண்ணுகூட ஜெயிச்சதில்ல," என்று தவுபிக் கையைத் தட்டிச் சொன்னபோது, எழுதியவனுக்கே உடம்பு சிலிர்த்தது.

மான்டானாவைப் பற்றிச் சிவபாண்டி சொன்னதும் நல்ல விஷயம்தான். நாலு சூப்பர் பவுல் ஆடி நாலிலும் ஜெயித்தவர். அந்த நாலிலும் அவர் எறிந்த ஒரு பந்தைக்கூட எதிராளி பிடித்ததில்லை. ஒரு ஃபைனலில் மூணு நிமிஷம்தான் பாக்கி, மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டும். கூட ஆடுபவர்கள் பதறிக்கொண்டு நிற்கிறார்கள். மான்டானா கூட்டத்தைக் கைகாட்டி, "அந்தா உக்காந்திருக்கது சினிமா நடிகருல்ல?" என்றாராம். பதற்றம் போய்விட்டது. போய் ஜெயித்துவிட்டார்கள். சிவபாண்டிக்கு உலகத்திலேயே பிடித்த கதை அதுதான். ஆனால் கேமராவைப் பார்த்துச் சொல்லும்போது அவன் குரல் தட்டையாகிவிட்டது. பார்த்தவர்கள் போட்ட ஓட்டில் பிரேடி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். சிவபாண்டி வருத்தப்படவில்லை. நம் எழுத்துதானே இரண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அமெரிக்காவில் இருக்கிற தமிழர்கள் அந்த வீடியோவைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஸ்கூலில் இந்த ஆட்டத்தைப் பேசுகிறார்கள், பெற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இதில் தமிழில் புரிந்தது. டல்லாஸில் ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு அழகுராஜா என்பவர் பொறுப்பாளர். பூர்வீகம் இதே மாவட்டத்து மல்லாங்கிணறு. பொங்கல் விழாவில் அதே வாதத்தை மேடையில் நடத்தலாம், வாருங்கள் என்று தவுபிக்கைக் கூப்பிட்டார்.

"ஒரு ஆளுக்குத்தான் டிக்கெட் போடுதாகளாம்லே," என்றான் தவுபிக். "நீ போறியா?"

அப்படிக் கேட்டதிலேயே சிவபாண்டி இளகிப்போனான்.

"நான் போயி என்ன பேச? நீ போ."

"அங்கன ஒரு டாக்டரு மான்டானா பக்கம் பேசுவாராம். அவருக்கும் சேத்து எழுதிக் குடுத்துரு."

எழுதினான். முன்பு எழுதியதைவிட நன்றாக எழுதினான். மான்டானா பக்கத்தை யாரோ முகம் தெரியாத டாக்டர் பேசப்போகிறார் என்றாலும், தானே பேசுவதைப் போல ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதினான். தவுபிக் தன் மனைவி அப்ரினையும் கூட்டிக்கொண்டு போனான். சொந்தச் செலவில் கூட்டிப் போகிறான் என்று சிவபாண்டி நினைத்தான்.

நம் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழாவை நேரலையில் காட்டினார்கள். சிவபாண்டியும் பாண்டிலட்சுமியும் செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. தவுபிக் பட்டு வேட்டியில் இருந்தான். பிரேடி கடைசியில் எடுக்கப்பட்ட கதையில் கூட்டம் எழுந்து கைதட்டியது. டாக்டரும் நன்றாகவே பேசினார். நடிகர் கதையைச் சொன்னபோது ஒரு நிமிஷம் மண்டபமே சிரித்தது. சிவபாண்டி அடுப்படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க எழுதுனதுதான?" என்றாள்.

"ஆமா."

கேள்வி நேரத்தில் ஓர் அம்மா எழுந்து, வீடியோவில் இன்னொருத்தர் இருப்பாரே, அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"அவன் நம்ம கேமரா புடிக்கிற தம்பிங்க," என்றான் தவுபிக் சிரித்துக்கொண்டு. "வாதாட ஆளு வேணும்னு எதிர்ல உக்கார வச்சேன். ஃப்ளைட்டுன்னா பயம். வரமாட்டேன்னுட்டான்."

கூட்டம் சிரித்தது. பாண்டிலட்சுமி வந்து செல்போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் அழகுராஜாவே கூப்பிட்டார். நம்பரைத் தேடிப் பிடித்தேன் என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

"என்ன தம்பி, நம்ம பக்கத்து ஆளுன்னு ஆசையா ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுருந்தோம். ஃப்ளைட்டுல ஏற மாட்டேன்னுட்டீகளாமே. அதனாலதான் அந்தத் தம்பி சம்சாரம் பேருக்கு மாத்திக் குடுத்தோம். அடுத்த தடவையாவது பயப்படாம வாங்க."

"சரிண்ணே," என்று சொன்னான் சிவபாண்டி.

தவுபிக் திரும்பி வந்ததும் சாக்லெட் டப்பாவும், மான்டானா பெயர் போட்ட சிவப்புப் பனியனும் எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தான். "தங்கச்சி, நல்லாயிருக்கியா," என்றான். பாண்டிலட்சுமி தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"டிக்கெட்டு ரெண்டு வந்துச்சாமே," என்றான் சிவபாண்டி.

தவுபிக் பனியனை மடியில் வைத்து மடித்தான். "அழகுராஜா அண்ணன் கூப்பிட்டாரா? அப்ரின் கல்யாணமானதுல இருந்து எங்கயும் போனதில்ல பாண்டி. எம்புட்டோ நாளா கேட்டுக்கிட்டு இருந்தா. நீ வந்தாலும் மேடையில என்ன பண்ணியிருப்ப? மனசத் தொட்டுச் சொல்லு."

"அதக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம்ல."

"கேட்டா வாரேன்னுதான சொல்லியிருப்ப."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை தவுபிக்குக்கே உறைத்தது போலிருந்தது. ஆனால் அவன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"கேமரா புடிக்கிற தம்பி," என்றான் சிவபாண்டி. "நீ பேசுன ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதுனது. நீ வாங்குன கைதட்டு என்னோடது. கோச்சு போட்டுக் குடுத்த கணக்கத்தான் பிரேடி எறிஞ்சாரு. கோச்சு இல்லன்னா பிரேடி ஏது?"

இதுவும் அவர்கள் குடோனில் பல நாள் பேசியதுதான். பிரேடி ஜெயித்த ஏழில் ஆறு ஒரே டீமில், ஒரே கோச்சின் கீழ் ஜெயித்தது. பெருமை யாருக்கு என்பது அமெரிக்காவிலேயே தீராத வழக்கு.

தவுபிக் எழுந்தான். "அந்தக் கோச்ச விட்டுட்டு பிரேடி வேற டீமுக்குப் போனாருல்ல? போன மொத வருசமே கப்பு அடிச்சாரு. கோச்சு என்ன ஆனாரு? தோத்தாரு. நான் சொல்லல, நீதான எழுதிக் குடுத்த." சாக்லெட் டப்பாவை வைத்தான். பனியனை என்ன செய்வதென்று தெரியாமல் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போனான்.

பாண்டிலட்சுமிதான் புருஷனை விடவில்லை. தான் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில் கூட இருந்தவர்களிடமெல்லாம் கேட்டு, தனியாகச் சேனல் எப்படி ஆரம்பிப்பது என்று தெரிந்துகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே செல்போனைப் பிடித்தாள். சிவபாண்டி சட்டையை இன் பண்ணிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து பேசினான். மான்டானாவைப் பற்றி மட்டும் ஐந்து வீடியோ போட்டான். அவன் சித்தப்பா மகன் பார்த்தான். கம்பெனியில் இரண்டு பேர் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர், "தூக்கம் வராதவர்கள் பார்க்கலாம்" என்று எழுதினார்.

"நெசமாச் சொல்லு, எப்படி இருக்கு?" என்று மனைவியைக் கேட்டான்.

அவள் வீடியோவை நிறுத்தினாள். "விசயமெல்லாம் சரியாத்தான் இருக்கு. புரூஃப் படிக்கிற மாதிரி படிக்கீக."

அதோடு அவன் நிறுத்திவிட்டான். தவுபிக்கின் சேனலில் இப்போது ஆட்டத்துக்குப் பதிலாகப் புரோட்டாக் கடையும் பட்டாசுக் கடையும் வந்துகொண்டிருந்தன. முன்பைவிட ஆட்கள் அதிகமாகப் பார்த்தார்கள்.

கார்த்திகையில், காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது, தவுபிக் கம்பெனி வாசலுக்கு வந்து காத்திருந்தான். டல்லாஸில் திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார்களாம். அதே வாதம், புதுசாக வேண்டுமாம்.

"எழுதிக் குடு பாண்டி. இந்தத் தடவ மேடையில ஒம் பேரச் சொல்லுதேன். அத்தா மேல சத்தியம்."

"பிரேடிக்குக் கோச்சு எதுக்கு?" என்றான் சிவபாண்டி. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அன்று முழுக்க அவன் மனது லேசாக இருந்தது. எழுத்து இல்லாமல் மேடையில் நின்று முழிக்கட்டும், ஊர் பார்க்கட்டும் என்று மனைவியிடமும் சொன்னான். அவளும், "தெரியட்டும்," என்றாள்.

தை மாதத்து ஞாயிறு காலையில் இருவரும் மறுபடி செல்போன் முன் உட்கார்ந்தார்கள். தவுபிக் வந்தான். கையில் ஒரு தாள்கூட இல்லை. பிரேடி ஐந்து கப் ஜெயித்தார் என்றான். மான்டானா நாலு ஃபைனலில் ஒன்றைக் கோட்டை விட்டவர் என்றான். நடிகர் கதையைத் தூக்கிப் பிரேடிக்குக் கொடுத்தான். எதிரே உட்கார்ந்த அதே டாக்டர் மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தவுபிக் கதையை விட்டுவிட்டுப் பாட்டுப் பாடினான், கீழே நின்ற ஒருவரை மேடைக்கு இழுத்துப் பந்தெறியச் சொன்னான். கூட்டம் போன வருஷத்தைவிட அதிகமாக எழுந்து நின்று கைதட்டியது. சிவபாண்டி எதிர்பார்த்த முழிப்பு, ஒரே ஒரு கணம்கூட அந்த முகத்தில் வரவில்லை.

பாண்டிலட்சுமி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

சிவபாண்டிக்குப் பொறுக்கவில்லை. தன் பெயர் போனால் போகட்டும், மான்டானா தோற்றார் என்று சொன்னதை எப்படி விடுவது? விழா முடிந்திருக்கும் என்று தெரிந்ததும் அழகுராஜாவைக் கூப்பிட்டான்.

"அண்ணே, தவுபிக் தப்பாச் சொல்லிட்டான்ணே. மான்டானா நாலுலயும் ஜெயிச்சவரு. தோத்ததே இல்ல. அந்த நடிகர் கதையும் அவருதுதான். போன வருசம் நீங்களே கேட்டீகளே."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்தது. பந்தி நடந்துகொண்டிருந்தது போல.

"அப்படியா தம்பி? எனக்கு அது தெரியலியே. நான் கிரிக்கெட்டு மட்டுந்தான் பாப்பேன். இங்கன யாரும் ஒண்ணும் சொல்லலியே." ஒருவருக்குப் பொங்கல் வைக்கச் சொல்லிவிட்டு மறுபடி வந்தார். "ஆனா நல்லாப் பேசுனான்லப்பா?"

சிவபாண்டி செல்போனை அடுத்த காதுக்கு மாற்றினான்.

"நல்லாத்தான் பேசுனான்ணே," என்றான்.

அடுத்த மாதம், நம் ஊர் நேரத்துக்குச் சூப்பர் பவுல் நடந்த திங்கட்கிழமை காலையில், வருஷா வருஷம் போடுகிற லீவை அவன் போடவில்லை. கம்பெனிக்குப் போய் ஸ்கூல் டைரி ஆர்டர் ஒன்றுக்குப் புரூஃப் பார்த்தான். யார் ஜெயித்தது என்று அவன் தேடிப் பார்க்கவும் இல்லை.