ஓடைப் பங்காளி

காலையில் போட்ட சண்டை கிரேஸின் கூடவே வைட்ஃபீல்ட் ஆபீஸ் வரை வந்துவிட்டது. பெங்களூரு அடுகோடியில் கீழ்வீட்டில் அவளும் கணவன் பீட்டரும், மாடிவீட்டில் எல்லம்மா. இரண்டு வீட்டுக்கும் ஒரே போர்வெல். "விடியறதுக்குள்ள மோட்டாரைப் போட்டு மொத்தத்தையும் மேல ஏத்திக்கிறீங்களே, நாங்க மனுஷங்க இல்லியாக்கா?" என்று கத்திவிட்டுத்தான் மெட்ரோவைப் பிடித்திருந்தாள்.

ஆங்கிலம் சொல்லித்தரும் செயலி ஒன்றுக்குச் சொல் விளக்கம் எழுதுவது அவள் வேலை. அன்று வந்த சொல் 'ரைவல்'. எதிராளி, போட்டியாளர் என்று எழுதினாள். வினைச்சொல்லாக வந்தால் ஒன்றுக்கு ஈடாக நிற்பது என்ற பொருளும் உண்டு. பிறகு வேரைத் தேடினாள். லத்தீனில் 'ரிவுஸ்' என்றால் ஓடை. 'ரிவாலிஸ்' என்றால் அதே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இன்னொருவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. பங்காளி! தமிழிலும் அதே கதைதானே. பங்கு உள்ளவன்தான் பங்காளி; ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது வரப்புத் தகராறும் கோர்ட்டு வாசலும். எழுந்து தண்ணீர் குடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

மதியம் பீட்டர் போன் செய்தான். "குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. எல்லம்மா அக்கா மோட்டார்கிட்ட என்னமோ பண்ணிட்டு இருக்காங்க. நீ கொஞ்சம் வர்றியா?"

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ரயில் முழுக்க, பிறகு ஆட்டோ சிக்னலில் நின்ற இடமெல்லாம், என்ன கேட்பது என்று வார்த்தைகளைத் தீட்டிக்கொண்டே வந்தாள்.

எல்லம்மா மோட்டார் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். "நான் ஒண்ணும் பண்ணல கிரேஸு. நீயே காது வெச்சுக் கேளு. வெறும் காத்துதான் வருது. போரு காஞ்சு போச்சு."

கிரேஸ் குனிந்து கேட்டாள். குழாயில் காற்று சீறியது. மோட்டாரை அவளே அணைத்தாள்.

டேங்கர் லாரிக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் இருவரும் கேட்டுக்கு ஓடினார்கள். கடைசியில் வந்த டேங்கர் நிற்காமல் தாண்டிப் போனது. "ஏய், நில்ஸப்பா!" என்று கன்னடத்தில் கத்தியபடி எல்லம்மா துரத்த, கிரேஸும் செருப்பில்லாமல் பின்னால் ஓடினாள். தெருக்கோடியில் வண்டி நின்று, பின்வாங்கி வந்தது.

"பைப்பு மாடிக்கு எட்டாது. எல்லாத்தையும் கீழ்வீட்டுத் தொட்டியிலதான் விட முடியும்" என்றார் டிரைவர்.

எல்லம்மா கிரேஸின் முகத்தைப் பார்த்தாள்.

"தொட்டியிலயே விடுங்கண்ணா" என்றாள் கிரேஸ். "அக்கா, உங்க வீட்டுக் குடத்தையெல்லாம் எடுத்துட்டு வாங்க. பீட்டர் மேல தூக்கிட்டு வருவாரு."

"காலைல நான் செஞ்சது தப்புதாம்மா. தண்ணி நின்னுடுமோன்னு பயம். தூக்கமே வர்றதில்ல."

"எனக்கும்தான்க்கா."

தொட்டி நிரம்பியது. பீட்டர் முதல் குடத்தோடு படியேறினான். கிரேஸுக்கு அப்போதும் நிம்மதி வரவில்லை. இந்தத் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? போனை எடுத்து, அடுத்த லாரிக்கு இரண்டு வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.