குறை இருந்தால் கூப்பிடவும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வில் உடைந்தது. அதைச் செய்த மதலைமுத்து, தான் ஒட்டிய ஒட்டு சரியில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். ஒட்டில் தவறில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாகக் கதை எழுத உட்கார்ந்து மூன்று வாரமாகிறது.

நாளை ஞாயிற்றுக்கிழமை அவர் வில்லை வளைத்து ஒட்டும் தன் மர அச்சை அறுத்துச் செருப்பு ஸ்டாண்ட் செய்யப் போகிறாராம். இனி வில்லே செய்வதில்லை என்று முடிவு. அதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

என் பெயர் சிவசங்கரன். ஈஜிபுராவில் வாடகை வீடு. மென்பொருள் கம்பெனியில் பயனர் கையேடு எழுதும் வேலை. 'முதலில் இதைத் திறக்கவும், பிறகு அதை அழுத்தவும்' வகை. பதினெட்டு வருஷமாக நான் எழுதியதை யாரும் கடைசிவரை படித்ததில்லை. நீங்களாவது படியுங்கள்.

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம்:

[ஆனேக்கல் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் முடிவில், தைலமரங்களுக்கு நடுவே, பதினான்கு பேர் கையில் வில்லோடு]

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் போரை எதிர்பார்ப்பீர்கள். அங்கே நடப்பதெல்லாம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஃபிளாஸ்க் காபி, பிஸ்கட், வைக்கோல் கட்டுகளில் குத்தி நிற்கும் அம்புகள், கொஞ்சம் முதுகுவலி, நிறைய வாக்குவாதம்.

இரண்டாவது தொடக்கம்:

[லவினாவின் மணிக்கட்டு மார்ச் மாதம் வலிக்க ஆரம்பித்தது.]

இது இருக்கட்டும். லவினா சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்கக் கையில் பெரிய கத்தரிக்கோல். ஞாயிறானால் கையில் வில். நேரான மரவில்லில் அம்பு போன பிறகு மிச்சமிருக்கும் விசை பிடித்திருக்கும் கையை உதறும். அந்த உதறல் அவள் மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. கத்தரியா வில்லா, ஒன்றை விடு என்றார் டாக்டர்.

"கத்திரிய விட்டா சோறு இல்ல. வில்ல விட்டா ஞாயித்துக்கெழம இல்ல. ரெண்டும் நக்கோ சார், வேணாம்" என்றாள் என்னிடம்.

அப்போதுதான் மதலைமுத்து, "நான் ஒரு ஆர்.டி. பண்ணித் தர்றேன்மா, கையில தெரியவே தெரியாது" என்றார்.

3

ஆர்.டி. என்றால் என்ன என்று ஒரு பத்தி. விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் லாங்போ என்னும் நீள வில் எய்கிறவர்கள். குறி பார்க்கும் கருவி கிடையாது, சக்கரம் கிடையாது. பழைய லாங்போவின் நாணைக் கழற்றினால் வெறும் கம்புதான். ரிஃப்ளெக்ஸ்-டிஃப்ளெக்ஸ், அதாவது ஆர்.டி. வில் அப்படியில்லை. கைப்பிடியிலிருந்து கிளம்பும் அதன் இரண்டு கைகளும் முதலில் எய்பவன் பக்கம் சாயும். பாதி வழியில் மனசு மாறி நுனிகள் இலக்கின் பக்கம் திரும்பிவிடும். முதல் சாய்வு வில்லை அமைதியாக்குகிறது. இரண்டாவது சாய்வு அம்புக்கு வேகம் கொடுக்கிறது. நாணேற்றியதும் இரண்டும் ஏறக்குறைய மறைந்து, பார்க்க ஒரு சாதாரண லாங்போ மாதிரி நிற்கும்.*

எய்தவர்கள் இதை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று மதலைமுத்துவிடம் கேட்டேன். அவர் சமையலறை அலமாரி செய்யும் ஆசாரி, அவர் பாஷையில் சொன்னார்: "டிராயர்ல சாஃப்ட் க்ளோஸ் பாத்திருக்கீங்கல்ல சார்? கடைசியில டமார்னு மோதாது, தானா அடங்கும். அதான் இது."

எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. கஷ்டத்தைத் தேடித்தானே இங்கே வந்தோம்? பழமையும் வேண்டும், வலியும் கூடாது என்றால் என்ன நியாயம்? இப்படி எட்டு வருஷமாகக் காபி ஆறும்வரை பிரசங்கம் செய்திருக்கிறேன். வலிக்காமல் ஒன்றைச் செய்ய ஆசைப்படுவது ஏமாற்று வேலை இல்லை என்று இப்போது நினைக்கிறேன். காலம் கடந்து நினைக்கிறேன்.

* எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது வில் வந்தால் நாணேற்றி, நாணுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட்டை நுழைத்து மேலிருந்து கீழே இழுப்போம். இரண்டு நுனிகளைத் தவிர வேறெங்கும் டிக்கெட் சிக்கக்கூடாது. சிக்கினால் அது லாங்போ இல்லை, போட்டியில் சேர்க்கமாட்டோம். இந்த டிக்கெட்டை நினைவில் வையுங்கள்.

4

மதலைமுத்துவின் பட்டறை அடுகோடியில். ஒரு பக்கம் பிளைவுட், இன்னொரு பக்கம் வில் அச்சு. மெல்லிய மூங்கில் பட்டைகளையும் கண்ணாடி நார்ப் பட்டைகளையும் கம் தடவி அடுக்கி, அச்சின் மேல் வைத்து, கிழித்த சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றுவார். பிறகு நாலு பல்ப் எரியும் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துச் சூடு கொடுப்பார். லவினாவின் வில்லை அவர் ஒட்டிய நாள் நல்ல மழை.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். எந்த அலமாரி செய்தாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் பென்சிலால் தன் பெயரும் போன் நம்பரும் எழுதி, 'குறை இருந்தால் கூப்பிடவும்' என்று முடிப்பார். "இருவத்தாறு வருஷம் சார், ஒருத்தரும் கூப்பிட்டதில்ல" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

(ஆசாரியை ரொம்ப நல்லவராகக் காட்டுகிறேனோ? தவறு செய்தவன் எழுதும் கதையில் தவறு செய்யாதவர் கொஞ்சம் கூடுதலாகத்தான் பளபளப்பார். அவருக்கு முன்கோபம் உண்டு. இரவல் வாங்கிய கத்தியைத் திருப்பித் தரமாட்டார். போதுமா?)

5

இனி வில்லை உடைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். கிரண் என்று ஒருவனை உண்டாக்கினேன். இருபத்தேழு வயது, ஐ.டி., கூட்டத்துக்குப் புதியவன், அவசரக்காரன்.

[சனிக்கிழமை மாலை ஐந்து மணி. ஐந்தரை அடி வில்லோடு பஸ்ஸில் ஏறமுடியாது என்பதால், மறுநாள் காரில் கொண்டுவரச் சொல்லி லவினா அதைக் கிரணிடம் கொடுத்திருந்தாள். கிரண் சோபாவை ஓரமாகத் தள்ளினான். "முருகா" என்றபடி உறையைப் பிரித்தான். இடது முட்டி வலித்தது. வில்லுக்குள் காலை நுழைத்து, தொடையில் அண்டை கொடுத்து வளைத்து, நாணை மாட்டினான். எங்கோ 'டிக்' என்று]

இதைப் படித்துப் பார்க்கச் சொல்லி என் மனைவி ஜானகியிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"யாருங்க இந்தக் கிரணு?"

"கற்பனை."

"கற்பனைக்கு எதுக்கு எடது முட்டியில வலி?"

முட்டியைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

"இருவத்தேழு வயசுப் பையன் சோபாவ நகத்திட்டு முருகாங்கறான். அதுவும் நம்ம வீட்டு சோபா." தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். "அன்னிக்கு நான் சமையக்கட்டுல இருந்தேன். ஹால்ல டிக்குன்னு ஒரு சத்தம். என்னங்கன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னீங்க. அதான இது?"

கிரண் அத்தோடு போய்விட்டான்.

6

அதுதான் அது. நான்தான்.

லவினாவின் வில் அந்தச் சனிக்கிழமை என் வீட்டில் இருந்தது. ஞாயிறு எல்லோர் முன்னாலும் டிக்கெட் சிக்கும், நான் ஜெயிப்பேன் என்று இருந்தேன். ஆனால் சிக்காமல் போய்விட்டால்? முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அதற்கேற்ற வாதம் தயார் செய்யலாமே. அற்ப ஆசைதான். அதற்காக அடுத்தவள் வில்லை எடுத்து நாணேற்றினேன்.

என் வில்லுக்கு எட்டு வயது. வளைந்து வளைந்து, நாணைக் கழற்றினாலும் நுனிகள் கொஞ்சம் என் பக்கமே சாய்ந்திருக்கும். நுனி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நாண். இதை நான் யோசித்துச் செய்வதே இல்லை, கை தானாகச் செய்துவிடும். ஆர்.டி.யில் நுனிகள் எதிர்ப்பக்கம் சாயும். கைப்பிடியில் இன்னும் தோல்கூடச் சுற்றவில்லை, பக்கம் காட்ட ஓர் அடையாளமும் இல்லை. புதிதாக வில் பிடிப்பவனாக இருந்தால் 'எந்தப் பக்கம்?' என்று யாரையாவது கேட்டிருப்பான். எட்டு வருஷக்காரன் எதற்குக் கேட்கவேண்டும்? அந்த வில்லைப் பின்புறமாக வளைத்து நாணேற்றினேன்.

'டிக்' என்றது. நாண் நுனியில் போய் உட்காரும் சத்தம் என்று நினைத்தேன். கைப்பிடி மரம் மெலிந்து முடியும் இடத்தில் ஒட்டு வாய் திறந்த சத்தம் அது. டிக்கெட் வழுக்கிக்கொண்டு வந்தது. தோற்றுவிட்டேன் என்ற எரிச்சலில் நாணைக் கழற்றி உறையில் போட்டேன்.

இதுவரைக்கும் அறியாமல் செய்தது. இனி வருவது அப்படியில்லை.

ஞாயிறு காலை லவினா, நுனிகளில் மாட்டிக் காலால் மிதிக்கும் கயிறு போட்டு நாணேற்றினாள். வில் நான் வளைத்ததற்கு எதிர்ப்பக்கமாக வளைந்தது. என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. 'லவினா, ஒரு நிமிஷம்.' மூன்று சொல். எச்சரிக்கை வாக்கியம் எழுதியே சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்த மூன்று சொல் வாயில் வரவில்லை. வில்லைத் திருப்பிப் போட்டு நாணேற்றினாயா என்று கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். நான் பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான்.

முதல் அம்பு போனது. இரண்டாவதும் போனது. அவள் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "சங்கரன் சார், கையில அடிக்கவே இல்ல!" என்றாள்.

மூன்றாவது அம்புக்கும் எனக்கு நேரம் இருந்தது. நாலாவது அம்புக்கு இழுத்தபோது வில்லின் மேல் கை பிளந்து அவள் கன்னத்தில் அடித்தது. மூன்று தையல்.

7

முதல் எய்தலைப் பார்க்க மதலைமுத்து வந்திருந்தார். துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டு விட்ட இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"கம்முதான் சார். மழ நாளு. பொட்டியில இன்னும் ரெண்டு அவர் வெச்சிருக்கணும். அவசரப்பட்டுட்டேன்."

ஐம்பது வயது மனிதர், கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்த லவினாவின் முன் கைகூப்பி நின்றார். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அதை எழுத எனக்கு அவமானமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் அவமானம்.

பிறகு லவினா சொன்னாள்: "முத்துண்ணா மேல கோவமில்ல சார். ஆனா இனி அவரு எது குடுத்தாலும் தொட பயமா இருக்கு." போன வாரம் பட்டறைக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்றுதான். அவர் புது அலமாரியின் டிராயரை இழுத்து மூடி, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார். "ஒவ்வொண்ணையும் மூணு தடவ பாக்கறேன் சார். என் கையி மேல எனக்கே நம்பிக்க பூடுச்சு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடுகிறேன் என்று அந்த ஞாயிறே என் காரில் எடுத்து வந்திருந்தேன். போடவில்லை. பிளந்த பட்டையின் உள்பக்கம், கம்முக்கு அடியில், பென்சில் எழுத்து. மதலைமுத்து, அடுகோடி. பத்து இலக்கம். குறை இருந்தால் கூப்பிடவும்.

வில் உடையாமல் இருந்திருந்தால் அதை யாருமே படித்திருக்க முடியாது. அங்கேயும் எழுதிவைத்திருக்கிறார்.

8

முடிவுகள்:

அ. கிரண் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். (கிரணே இல்லை.)

ஆ. மதலைமுத்துவுக்கு எல்லாம் முன்பே தெரியும். பிளந்த விதத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம் வளைத்தார்கள் என்று ஆசாரிக்குத் தெரியாதா? என்மேல் இரக்கப்பட்டுப் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். (இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் வாயைத் திறக்கவே வேண்டாம் பாருங்கள். அதனால்தான் இதை நம்பமுடியவில்லை.)

இ. அடுத்த வருஷம். தைலமரங்கள். புது ஆர்.டி.யோடு லவினா. அம்பு பறக்கிறது, எல்லோரும் கைதட்ட, ஓரமாக நான் கண்ணைத்

அடச்சீ.

9

இன்று சனிக்கிழமை. மாலை மணி நாலு. கதையை அச்செடுத்துப் பட்டறையில் வைத்துவிட்டு, அவர் படிப்பதற்குள் ஓடிவந்துவிடலாம் என்பது என் திட்டம். ஜானகியிடம் சொன்னேன்.

"ஒம்போது பக்கம் எதுக்குங்க?" என்றாள். "அவருதான் நம்பர் குடுத்திருக்காரே."

அவர் நம்பர் என் போனில் எப்போதும் இருக்கிறது. இருந்தாலும் மேசைமேல் அந்த வில் துண்டை வைத்து, பென்சில் எழுத்தைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாக அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் ரம்பம் ஓடும் சத்தம்.

"சொல்லுங்க சார்."

"அண்ணே, என்ன அறுக்கறீங்க?"

"அச்சுதான் சார். நாளைக்கின்னு நெனச்சேன், இன்னிக்கு வேல இல்ல. இப்பதான் பிளேடு வெச்சேன்."

"அண்ணே, ரம்பத்த நிறுத்துங்க."

"என்ன சார்?"

"நிறுத்துங்கண்ணே. ஒரு நிமிஷம்."

சத்தம் நின்றது. "ஆய்த்து, நிறுத்திட்டேன். சொல்லுங்க."

அவர் என்ன பதில் சொன்னார் என்று இதில் இருக்காது. திட்டினாரா, போனை வைத்தாரா, அச்சு பிழைத்ததா, என்னோடு இன்னொரு டீ குடிப்பாரா, எதையும் நான் எழுதப்போவதில்லை. அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்களோ அதை எழுதிக்கொள்ளுங்கள். கடுமையாக எழுதினாலும் சரி. என் பங்குக்கு ஒரு வரிதான் பாக்கி.

"அண்ணே, குறை இருக்கு. ஒங்க ஒட்டுல இல்ல."