மாதாவுக்கு நேர்ந்த கப்பல்

மலைமேல் அமைந்த லா ஷோ-து-ஃபோன் நகரின் சரிவான தெரு ஒன்றில், மூன்றாம் மாடியில் குடியிருந்த பேர்சியின் வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும், சமையலறையில் அமர்ந்தே உணவருந்த வேண்டியிருந்தது. முன்னறையின் சாப்பாட்டு மேசையில் நான்கு ஆண்டுகளாக ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்ததே அதற்குக் காரணம்.

அது இரண்டு பாய்மரங்களைக் கொண்ட மீன்பிடிக் கப்பலின் மாதிரி. ஸ்கூனர் எனப்படும் அவ்வகைக் கப்பல்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் வட அட்லாண்டிக்கில் தூண்டில் போட்டு மீன் பிடித்தன. அத்தகைய ஒன்றின் வரைபடத்தை நூலகத்தில் கண்ட நாள் முதல் பேர்சிக்கு வேறு பொழுதுபோக்கு இருந்ததில்லை. விலாச்சட்டங்களைப் பேரி மரத்தில் ஒவ்வொன்றாக அறுத்து நிறுத்தினார். தளத்தின்மேல் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிண்ணங்கள்போல் அடுக்கப்பட்ட சிறு படகுகளைச் செய்தார். மீன் அறுக்கும் பலகையின்மேல் கத்தி பட்ட கீறல்களையும் ஊசிமுனையால் இட்டார். அக்கீறல்களைப் பார்ப்பதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

மனைவி அன்னமலர் வருவோர் போவோரிடமெல்லாம் அவரைக் கேலி செய்வாள். "நோவாவும் மலை உச்சியிலதான் கப்பலை நிப்பாட்டினவர். ஆனா அவர் மனிசிக்குச் சாப்பாட்டு மேசையை விட்டு வச்சிருப்பார்" என்பாள்.

பேர்சி கைக்கடிகாரத் தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களுக்கு மெருகேற்றுபவர். அவர் கண்வலிக்க மினுக்கிய துண்டுகள் கடிகாரத்தின் உள்ளே மறைந்துவிடும். முகப்பில் வேறொருவரின் பெயர் மின்னும். அதனால்தானோ என்னவோ, நகரின் மாதிரிக்கலைக் கழகத்தார் வீட்டுக்கு வந்து கப்பலைப் பார்த்து, இலையுதிர்காலக் கண்காட்சியில் நடுமேசையை அதற்குத் தருவதாகவும் அதன் கீழே அவருடைய பெயரை எழுதிவைப்பதாகவும் கூறியபோது, அவர் அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

மாசி மாதத்தில் மகள் றோஷினிக்குக் காய்ச்சல் கண்டது. தொற்று மூளைவரை சென்றுவிட்டது என்று கூறி, அவளை லோசானின் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். கண்ணாடிக்கு அப்பால் மகள் அசைவற்றுக் கிடக்க, நடைவழியின் முடிவில் இருந்த சிறு செபக்கூடத்தில் பேர்சி முழந்தாளிட்டார். "மாதாவே, என்ர பிள்ளையைத் தாரும். மேசையில நிக்கிற கப்பல் உம்முடையது" என்று வாய்க்குள் சொன்னார். அதை வேறெவரும் கேட்கவில்லை.

நேர்த்தி என்பது என்ன என்று மன்னாரில் பிறந்த ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சேவலை அந்தோனியாருக்கென்று நேர்ந்துவிட்டால், அந்தக் கணமே அது அந்தோனியாரின் சேவல். அதற்கு நெல் போடலாம். அதை விலைபேசக் கூடாது. குட்டையான சேவலொன்றைப் பிடித்து அதற்குப் பதிலாகக் கொடுப்பவனை ஊர் மன்னித்தாலும் அவனுடைய நித்திரை மன்னிக்காது.

பிள்ளை பிழைத்தாள். பங்குனி முடிவில், மெலிந்த முகத்தோடு மருத்துவமனையின் உணவைக் குறைகூறத் தொடங்கினாள். அவளைப் பார்த்துவிட்டுத் தொடருந்தில் திரும்பும்போது, தாம் நேர்த்தி வைத்திருப்பதாகப் பேர்சி மனைவியிடம் கூறினார். என்ன நேர்த்தி என்று அவள் கேட்டாள். சன்னலுக்கு வெளியே நெஷாத்தல் ஏரி ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய நாக்கு அவருக்கு முன்னே ஓடிவிட்டது. கோயிலுக்குச் சிறிய வள்ளம் ஒன்று செய்து கொடுப்பதாக நேர்ந்தேன் என்றார்.

அன்னமலர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். "அப்பாடா. நான் பயந்துபோனன், உந்தப் பெரிய கப்பலையே நேர்ந்திட்டியளோ எண்டு. மாதாவுக்குத் தெரியும், உங்களுக்கு எது பாரமெண்டு" என்றாள்.

பேர்சியும் சிரித்துவைத்தார்.

மிஞ்சிய மரத்துண்டுகளைக் கொண்டு ஒற்றைப்பாய் வள்ளம் ஒன்றை அவர் அவசரமாகச் செய்தார். அதன் பலகைகளின் இடைவெளிகளில் பசை பிதுங்கியது. தொழிற்சாலையில் அப்படி ஒரு வேலையை அவர் மேற்பார்வையாளரிடம் நீட்டியிருக்க மாட்டார். உயிர்த்த ஞாயிற்றுக்குப் பின் வந்த தமிழ்ப் பூசையில் அதைக் காணிக்கையாகக் கொடுத்தார். பிரெஞ்சுமொழிப் பங்கின் கோயிலை மாதம் ஒருமுறை கடன்வாங்கித் தமிழ்ப் பூசை நிறைவேற்றும் இளங்குரு ஜோனதன் அடிகளார், அவ்வள்ளத்தை மாதாவின் சொரூபத்துக்கு அருகே கொக்கியில் தொங்கவிட்டு, ஒரு தகப்பனின் அன்பைப் பற்றிப் பிரசங்கித்தார். பேர்சி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பிறர் அதைத் தாழ்மை என்று எண்ணிக்கொண்டார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆனால் மறைத்துவிட்டால் அந்தச் சோற்றைத் தின்ன முடியாது என்பதைப் பேர்சி இப்பொழுதுதான் அறிந்தார். கப்பலுக்கு இனிக் கயிறுகள் மட்டுமே எஞ்சியிருந்தன. மாலையில் மேசையின் முன் அமர்ந்து முடிச்சிடுவார், முடிச்சு வழுக்கும். மகள் பின்னால் வந்து நின்று, அப்பா, எவ்வளவு வடிவாயிருக்குது என்பாள். அவர் திரும்பிப் பார்க்காமலே, போய்ப் படு பிள்ளை என்பார்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, கோயிலில் நாற்காலிகளை ஒழுங்குபடுத்தச் சென்றவர், வள்ளத்தின் கீழே சிவகலா நிற்பதைக் கண்டார். அவள் பக்கத்து ஊரான லெ லோக்கிளில் துப்புரவு வேலை செய்பவள்; சைவப் பிள்ளை. கணவன் முல்லைத்தீவுக் கடலுக்குச் சென்று திரும்பாதவன். ஒவ்வொரு சனியும் வேலை முடிந்து பேருந்தில் வந்து அந்த வள்ளத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுவதாக அவள் கூறினாள். பசை பிதுங்கிய அதன் வயிற்றைக் காட்டி, "பேர்சி அண்ணை, என்ர மனிசன்ர வள்ளமும் இப்பிடித்தான். ஒட்டுப்போட்ட வள்ளம்" என்றாள்.

தம்முடைய ஏமாற்றின் முன்னால் ஒரு பெண் கைகூப்பி நிற்கிறாள்! அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை, அன்னமலர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கப்பலைப் போர்வையில் பொதிந்து காரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுசென்றார். அடிகளாரிடம் நடந்ததைச் சொல்லி, வள்ளத்தை இறக்கிவிட்டு இதை வைக்குமாறு வேண்டினார். பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சிவகலாவுக்கு எல்லாமே கேட்டது. அவள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "அதை மட்டும் எடுக்காதேங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னாள்.

அடிகளார் சங்கடத்தோடு நெற்றியைத் தடவினார். பிரெஞ்சுப் பங்கார் ஒரேயொரு கொக்கிக்கே அனுமதி தந்திருக்கிறார்கள் என்றும், இவ்வளவு பெரிய கப்பலை வைக்க வேறு இடமில்லை என்றும் விளக்கினார். "வேணுமெண்டால் பின்னால இருக்கிற சாமான் அறையில வைக்கலாம். ஆனா அங்க ஒருத்தரும் பாக்க மாட்டினம்" என்றார்.

அப்படியானால் இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும் பாதர் என்று கூறிப் பேர்சி கப்பலைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். படியிறங்கும்போது அவருடைய நெஞ்சில் ஏதோ குதித்தது. அது மகிழ்ச்சி என்று அவருக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று. கொடுக்கப் போனேன், வாங்க இடமில்லை, குற்றம் என்னுடையதன்று, கண்காட்சியும் உண்டு, பெயரும் உண்டு என்று அம்மகிழ்ச்சி கணக்குச் சொல்லியது. காரின் கதவைப் பிடித்தபடி அவர் நின்றுவிட்டார். பொய் சொன்ன நாளில்கூடத் தம்மை இவ்வளவு அருவருத்ததில்லை.

கப்பலோடு வீட்டுக்கு வந்தபோது அன்னமலர் வெறும் மேசையின் முன் நின்றாள். கப்பல் எங்கே போய் வருகிறது என்று கேட்டாள். அவர் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தார். றோஷினி தன் அறைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்னமலர் வெறும் மேசையைக் கையால் தடவினாள். "கப்பலை விடுங்கோ. அண்டைக்கு ரெயின்ல நான் சிரிச்சனான். நீங்கள் அதைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

றோஷினி வந்து போர்வையின் நுனியை விலக்கிப் பார்த்தாள். அவளுக்கு நேர்த்தியில் நம்பிக்கை கிடையாது. மருந்துதான் தன்னைக் காப்பாற்றியது என்று சொல்பவள். எனினும் அவள் கேட்ட கேள்வி அவரைக் கூறுபோட்டது. "அப்பா, அண்டைக்கு நான் சாகப்போறன் எண்டு நினைச்சுத்தானே நேர்ந்தனீங்கள்? பிறகு நான் பிழைச்சிட்டன் எண்டதும் விலை கூடிப்போச்சோ?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பினாள். அதுவே கொடுமையாயிருந்தது.

பேர்சி போர்வையை மீண்டும் இழுத்து மூடினார். கழகத்தாரைத் தொலைபேசியில் அழைத்து, கப்பல் தம்முடையதன்று, ஆகவே கண்காட்சிக்குத் தர இயலாது என்று தமக்குத் தெரிந்த பிரெஞ்சில் கூறினார். அப்படியானால் யாருடையது என்று அவர்கள் கேட்டார்கள். மன்னிக்கவும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிறகு மீண்டும் காரில் ஏறினார். கதவைத் திறந்துவிட அன்னமலர் வந்தாள், கூடவரவில்லை.

சாமான் அறையில் மடித்த நாற்காலிகளும், கிறிஸ்து பிறப்பைக் காட்டும் நத்தார்க் குடிலின் ஒட்டகப் பொம்மைகளும், பழைய பதாகைகளும் அடைந்து கிடந்தன. அடிகளார் ஒரு பலகையைத் துடைத்துக் கொடுத்தார். கப்பலை அதன்மேல் வைத்தபோது, முன்பாய்மரத்தின் கயிறுகள் இன்னும் கட்டப்படாமல் தொங்கின. எவரும் பார்க்கப்போவதில்லை, அப்படியே இருக்கட்டும் என்று அடிகளார் இரக்கத்தோடு சொன்னார். பேர்சி இடுக்கியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

இப்பொழுது சனிக்கிழமைகளில் அவரை அங்கே காணலாம். ஒட்டகங்களுக்கு நடுவே முக்காலியில் அமர்ந்து, உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கி, ஒவ்வொரு முடிச்சாகப் போடுகிறார். முடிச்சு வழுக்கினால் அவிழ்த்துவிட்டுத் திரும்பவும் போடுகிறார். சுவருக்கு அப்பால் தீக்குச்சி உரசும் ஒலி கேட்கும். பின்னர் சிவகலாவின் குரல், வள்ளத்தோடு கதைப்பதுபோல மெல்ல எழும். அவ்வேளையில் பேர்சியின் கைகள் நின்றுவிடும். அவள் கதைத்து முடித்துப் பேருந்துக்குப் புறப்படும்வரை, தமக்கு உரிமையில்லாத ஓர் இடத்தில் அமர்ந்திருப்பவரைப்போல அவர் அசையாது இருப்பார்.