பதினோரு கடிகளுக்கு ஒரு திருத்தம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை, விண்ணப்பமாகத் தொடங்கியது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டு, இடப்பக்கம் இரண்டு விரற்கடை ஓரம் விட்டு, பத்திகளுக்கு எண்ணிட்டு எழுதினேன். எங்கள் சிறிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓரம் விடாமல் எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம் இன்னும் கையில் இருக்கிறது.

பொருள்: கிளியை வீட்டுக்கு அழைத்துச் செல்ல மேலும் நான்கு சனிக்கிழமைகள் அவகாசம் கோருதல்.

பறவைக் காப்பகம் நடத்தும் அம்மா நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், அவகாசம் வேணும்னா ஒரு வரி போதும். நீங்க கதை எழுதிக் கொண்டாந்திருக்கீங்க. அதுவும் தப்பான கதை."

என்ன தப்பு என்பதை ஐந்தாம் பிரிவில் சொல்கிறேன். இப்போதே சொன்னால், இடையில் நான் பட்ட பாட்டை நீங்கள் படிக்கமாட்டீர்கள்.

கதைதான் என்றால் கதையாகவே எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அந்தக் கிளிக்கு மனிதர்களையே பிடிக்காது." (எனக்கு எப்படித் தெரியும்? அடித்துவிட்டேன்.)

"அன்று காலையிலிருந்தே மழை விடாமல்" (மழையே பெய்யவில்லை.)

"மேற்படி கிளியானது" (மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். விட்டுவிட்டேன்.)

2.

நகர அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வீட்டில் சத்தம் என்று வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவேன். இருபத்தெட்டு வருடமாக அதே நாற்காலி. ஒருநாள் ஒரு கிளியின்மேல் புகார் வந்தது. காலை ஆறு மணிக்குக் கத்துகிறதாம், யாராவது சிரித்தால் இன்னும் அதிகமாகக் கத்துகிறதாம். நேரில் விசாரிக்கப் போனேன்.

கால்நடை மருத்துவமனைக்குப் பின்னால் மூன்று அறைகள், அதுதான் காப்பகம். கடைசி அறையில் ஒற்றைக் கூண்டு. என்னைப் பார்த்ததும் அது முதுகைக் காட்டி உட்கார்ந்தது. தீனிக் கிண்ணத்தைக் கவிழ்த்தது. காப்பகத்தில் அதற்குப் பெயர் கெடுபிடி. இடது காலில் ஒரு விரல் கிடையாது.

"இதை யாருமே எடுத்துக்கலையா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"மூணு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருச்சு. சரி, இனமாவது கூட இருக்கட்டும்னு வெளியூர்ப் பெரிய கூண்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். அங்க நாப்பது கிளி. இது மனுஷங்க நடுவுல தனியா வளர்ந்தது. ரெண்டே மாசத்துல நெஞ்சு இறகையெல்லாம் தானே பிடுங்கிப் போட்டுருச்சு. உரிச்ச கோழி மாதிரி வந்து சேர்ந்துச்சு."

"நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கடிதம் என்றால் காரணம் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கதையில் விட்டுவிடலாம் என்கிறார்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

அம்மா ஒரு விதி வைத்திருந்தார். ஆறு சனிக்கிழமை வரவேண்டும். பறவையோடு ஒரு மணி நேரம் தனியாக இருக்கவேண்டும். ஆறாவது சனிக்கிழமைக்குள் அது தானாக என் கைமேல் ஏறி நிற்கவேண்டும். இல்லாவிட்டால் அது மறுபடியும் அந்தப் பெரிய கூண்டுக்குத்தான் போகும். காப்பகத்தில் இடம் இல்லை, என்னைப் போல் புகார் விசாரிக்க வருகிறவர்களும் அடங்கவில்லை.

[அவர் ஏன் கூட இருக்கமாட்டார் என்று கேட்பீர்கள். அவர் அறையில் இருந்தால் அது அவரிடம் மட்டும்தான் போகும். கதவைத் திறந்துவைத்துவிட்டு மருந்து அறையில் இருப்பார்.]

3.

இந்த இடத்தில் மனைவியைக் கொண்டுவந்தேன். அவள் தையல்காரி, வீட்டு முன்னறையில்தான் இயந்திரம். வரைவைப் படிக்கக் கொடுத்தது என் தவறு.

"நான் எப்பங்க கிளி வேண்டாம்னு சொன்னேன்?"

"சொன்னியே."

"உங்களுக்குக் கிளி சரிப்படாதுன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணா?"

"கதைன்னா யாராவது ஒருத்தர் மறுப்பு சொல்லணும்."

"அப்ப உங்க அக்காவைப் போட்டுக்குங்க. நீங்க சொல்ற எதுக்கும் அவங்கதான் மறுப்பு."

அக்காவைப் போட்டுப் பார்த்தேன். அரைப் பக்கத்துக்குள் அவள் மொத்தக் கதையையும் பிடித்துக்கொண்டு கிளியை வெளியே தள்ளிவிட்டாள். எடுத்துவிட்டேன். ஆகவே உண்மையையே எழுதுகிறேன்: மனைவி மறுக்கவில்லை. முதல் சனிக்கிழமை நான் ரத்தத்தோடு வீடு திரும்பியபோது விரலில் துணி சுற்றிக்கொண்டே, "கிளி வளர்க்கப் போறீங்களா, கிளிக்கு இரையாகப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள், கிளியைக் கொண்டுவரும் சின்னக் கூண்டுக்கு ஒரு பழைய போர்வையை வெட்டி உறை தைக்கத் தொடங்கினாள்.

எனக்குச் சந்தேகம் வேறொரு பாத்திரத்தின் மேல்தான். எழுதுகிற இந்த ஆள், அதாவது நான், நம்பத் தகுந்தவன்தானா? எல்லாவற்றையும் தேதியிட்டுக் குறித்துவைப்பவன் சரியாகத்தான் பார்த்திருப்பான் என்று எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

4.

விண்ணப்பத்தின் நான்காம் பத்தியை அப்படியே தருகிறேன்:

"முதல் சனிக்கிழமை: கூண்டைத் திறந்து கையை நீட்டினேன். கடித்தது (ரத்தம்). இரண்டாம் சனிக்கிழமை: மூன்று முறை கடித்தது. மூன்றாம் சனிக்கிழமை: சூரியகாந்தி விதை கொடுத்தேன். வாங்கித் தின்றது. தின்றுவிட்டு இரண்டு முறை கடித்தது. நான்காம் சனிக்கிழமை: ஐந்து முறை கடித்தது. ஆக மொத்தம் பதினொன்று. எண்ணிக்கை பொதுவாகக் கூடிவருவதால், என்மேல் மேற்படி கிளிக்கு உள்ள வெறுப்பும் கூடிவருவதாகத் தெரிகிறது."

கதையில் இதை அழகாக்கப் பார்த்தேன். "பச்சை நெருப்புப் போல அது" என்று ஒரு வாக்கியம் தொடங்கி நிறுத்திவிட்டேன். நெருப்பு இல்லை. நாற்காலியில் ஒரு நடுவயது ஆள், எதிரே இறகை ஒட்ட வைத்துக்கொண்டு ஒரு பறவை, இருவருக்கும் நடுவில் என் கை. அலகு வந்து விரலைப் பிடிக்கும், நான் வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். அது கூண்டின் மூலைக்குப் போய் ஒடுங்கும். நான் நேரத்தைக் குறித்துக்கொள்வேன். வாராவாரம் இதுதான்.

ஒவ்வொரு முறையும் வெளியே வரும்போது அம்மா கேட்பார்: "கடிச்சுதா?"

"கடிச்சுது மேடம்."

"ம்."

5.

ஐந்தாவது சனிக்கிழமை விண்ணப்பத்தைக் கொடுத்தேன். தப்பான கதை என்று சொன்னாரே, அதன் பிறகு நடந்தது இது.

அறைக்கு என்னைக் கூட்டிப்போனார். கூண்டைத் திறந்து, முன்கையைக் கொம்பு மாதிரி குறுக்கே வைத்தார். கெடுபிடி குனிந்தது. அலகை விரித்து அவர் மணிக்கட்டைக் கவ்வியது.

"ஐயோ!" என்றேன்.

"சும்மா இருங்க."

அவர் கை அசையவில்லை. அலகு ஒருமுறை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. பிறகு வலது கால் வந்தது. பிறகு விரல் குறைந்த இடது கால். ஏறி நின்றுவிட்டது.

"இது கடியா சார்?"

குனிந்து அவர் மணிக்கட்டைப் பார்த்தேன், ரத்தம் இல்லை.

"ஏணியில ஏறுறதுக்கு முன்னாடி ஆடுதான்னு பிடிச்சு உலுக்கிப் பார்ப்போமில்ல? அதுதான் இது. அலகுதான் இதுக்கு மூணாவது கால். அதிலயும் இது ஒரு விரல் இல்லாதது. மத்ததை விட ரெண்டு மடங்கு சோதிச்சுத்தான் ஏறும். அது பிடிச்சுப் பார்த்தப்ப நீங்க என்ன பண்ணினீங்க?"

"கையை இழுத்துக்கிட்டேன்."

"எத்தனை தடவை?"

விடை அவர் கையிலேயே இருந்தது, என் கையெழுத்தில்.

"முதல் தடவை ரத்தம் வந்துச்சே மேடம்?"

"நீங்க இழுத்தீங்க, அது விழப் போச்சு. விழாம இருக்க எது கிடைச்சுதோ அதைப் பிடிச்சுக்கிச்சு. உங்க விரல்தான் கிடைச்சுது."

வெறுப்பு கூடிவருகிறது என்று எழுதினேன். நான்காவது வாரம் அது ஐந்து முறை ஏறப் பார்த்திருக்கிறது. ஐந்து முறையும் நான் ஏணியை எடுத்திருக்கிறேன். சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரும் எதிரே உட்கார்ந்தார். "என் தப்பும் இருக்கு சார். கடிச்சுதான்னு கேட்டேன். எப்படிக் கடிச்சுதுன்னு ஒரு நாளும் கேக்கல." பிறகு தாளைப் புரட்டினார். "ஆனா மூணாவது வாரம் ரெண்டாவதா ஒண்ணு போட்டிருக்கீங்களே, அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"அது கிண்ணத்துல மிச்சம் இருந்த விதையை எடுத்தேன்."

"அது நிஜக் கடி. அதை மட்டும் வெச்சுக்குங்க."

திருத்தம்: நான்காம் பிரிவில் "கடித்தது" என்று வரும் பதினொன்றில் பத்தை "ஏறப் பார்த்தது" என்று வாசிக்கவும். நான் அங்கே போய் அழிக்கவில்லை. தவறு தவறாகவே நிற்கட்டும், நீங்களும் அதை நம்பித்தானே படித்தீர்கள்.

6.

ஆறாவது சனிக்கிழமை மனைவியும் வந்தாள். உள்ளே வரவில்லை, கதவுக்கு வெளியே உறை மடித்த பையோடு நின்றாள்.

எனக்கு ஒரே கவலை, கை ஆடக்கூடாது. ஆகவே முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டேன். கூண்டைத் திறந்து கையைக் குறுக்கே வைத்தேன். குறிப்பேடு எடுத்துவரவில்லை, அதனால் இந்தப் பிரிவில் நேரம் எதுவும் இருக்காது. வெகு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குனிந்தது. அலகு திறந்தது. உடம்பில் ஒவ்வொரு நரம்பும் இழு இழு என்றது. இழுக்கவில்லை. ஆள்காட்டி விரலின் எலும்புமேல் அழுத்தியது. வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். விட்டது. என்னைப் பார்த்தது. மறுபடி அழுத்தியது. போன வாரங்களில் இந்த நேரத்துக்கெல்லாம் ஏணி போயிருக்கும். அதற்கும் அது தெரியும்போல, அலகை எடுக்காமல் காத்திருந்தது.

பிறகு ஒரு கால். உலர்ந்து, எதிர்பார்த்ததைவிடச் சூடாக. பிறகு இன்னொன்று.

மொத்தமே இரண்டு கோழிமுட்டை எடைதான். ஆனால் தோளிலிருந்து ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. வெளியே மனைவி விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

அம்மா படிவத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க சார்."

வலது கையில் கிளி.

"அது இறங்கட்டுமே."

"இப்ப இறக்காதீங்க. இடது கையால போடுங்க."

"என் கையெழுத்து அப்படி இருக்காதுங்க, மேடம்."

"போடுங்கன்னா போடுங்களேன்!" என்றாள் மனைவி வெளியிலிருந்து. "இங்க என்ன, காசோலையா எழுதறீங்க?"

போட்டேன். தாளின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது.

7.

முடிவுகள் மூன்று எழுதினேன்.

(அ) பெரிய கூண்டுக்கே திரும்பிப் போகிறது, நான் வாராவாரம் வெளியூர் போய்க் கம்பிக்கு வெளியே (இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

(ஆ) வீட்டுக்கு வந்த அன்றே தோளில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்கிறது. (பொய்.)

(இ) நடந்தது. வந்து இரண்டு நாள் தின்னவில்லை. சமையலறைப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டால் கத்தியது. மூன்றாம் நாள் கிண்ணம் காலி. மாலை நாலரை மணிக்கு மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க ஏதோ அரைக்கிற மாதிரி சத்தம். இயந்திரமா, அதுவா?"

அதுதான். அலகை அலகோடு உரசிக்கொண்டிருந்தது. பயந்துபோய்க் காப்பகத்து அம்மாவுக்குத் தொலைபேசி போட்டேன்.

"ஒரு காலைத் தூக்கி வெச்சிருக்கா?"

"ஆமா."

"இறகு உப்பியிருக்கா?"

"பந்து மாதிரி."

"அப்ப போனை வைங்க சார். தூங்கப் போகுது. பயம் இருந்தா அந்தச் சத்தம் வராது."

மனைவி மிதித்துக்கொண்டிருந்த தையலைப் பாதியில் நிறுத்தினாள். இரண்டு பேரும் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். அது கத்தவில்லை.

கிளிக் கதை என்றால் கடைசி வரியில் கிளி பேசவேண்டும் என்று நீங்கள் காத்திருப்பது தெரியும். இதுவரை அது ஒரு சொல்லும் பேசவில்லை. சொல்லாததைச் சொன்னதாக மறுபடியும் எழுதிக்கொடுக்க என்னால் ஆகாது. கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அது ஒருநாள் பேசினால் என்ன பேசும் என்று உங்களுக்குத் தோன்றுவதை நிரப்பிக்கொள்ளுங்கள். பேனாவை மட்டும் மெதுவாக வையுங்கள், அது தூங்குகிறது.

..........................................................