அண்ணை பார்த்துவந்த பள்ளிக்கூடம்

சுவிஸின் ஓல்டன் ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடப்பதற்குள் தில்லைநாதன் இரண்டு தடவை நின்று கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். கூட வந்த தவச்செல்வன் ஒவ்வொரு தடவையும் மரியாதையாக இரண்டடி பின்னால் நின்றான். இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் பதினெட்டு வருடம் சமைத்தவன். எட்டு மாதத்துக்கு முன்புதான் குடும்பத்தோடு பாடனுக்கு வந்திருந்தான். கையில் பள்ளிக்கூடத்தின் விண்ணப்பப் படிவத்தைக் கசங்காமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தான்.

"அண்ணை, என்ரை டொச் பாஷை குசினி டொச். வெங்காயம், கத்தி, கெதியா எண்டதுக்கு அங்காலை ஒண்டும் வராது. வாத்திமாரோடை நீங்கள்தான் கதைக்கவேணும்."

"அதுக்குத்தானே வந்தனான். நீர் பேசாமல் வாரும்" என்றார் தில்லைநாதன்.

பாடன் தமிழர்களிடையே மண்டபம் எடுப்பதென்றாலும் மாப்பிள்ளை பார்ப்பதென்றாலும் தில்லைநாதன் முதலில் போய்ப் பார்க்கவேண்டும். அவர் தலையசைத்தால் மற்றவர்கள் வேறு கேள்வி கேட்பதில்லை. பதினாறு வருடமாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர் அவர்தான். ஓல்டனில் ஓர் அறக்கட்டளை நடத்தும் இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஐந்து குடும்பங்கள் அவரிடம் கேட்டிருந்தன. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை எடுப்பார்கள். கட்டணம் இல்லை, இடம் சீட்டுக் குலுக்கித்தான். பெற்றோர் வந்து பார்க்கும் பார்வை நாளுக்கு அண்ணை போய்ப் பார்த்துவந்து சொல்லட்டும் என்று முடிவாகியிருந்தது. விரும்பினால் ஒருவர் கூடப் போகலாம் என்றபோது தவச்செல்வன் உடனே கையை உயர்த்தினான். மற்றவர்கள் எவரும் வேலையில் லீவு எடுக்க விரும்பவில்லை. தில்லைநாதனுக்கு அது ஒரு வகையில் ஆறுதல். தவச்செல்வன் புதியவன். அவர் வீட்டுக்கு வந்தது கிடையாது. தமிழ்ப் பள்ளிக்கு வருவதை விட்டுவிட்ட அவருடைய மகளை அவன் கண்டதுமில்லை.

அந்த மகள் யாதவி இந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

பாடன் இருக்கும் ஆர்காவ் மாநிலத்தில் பன்னிரண்டு வயதில் பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். பெட்ஸ் மேலே, செக் நடுவில், ரியால் கீழே. ஊரில் பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்பார்கள். பெட்ஸுக்குத் தெரிவான பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் மேடைக்கு ஏற்றிப் பதக்கம் போடும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தவரே தில்லைநாதன்தான். பெற்றோர் சொல்லும் பெயர்களை அவரே எழுதி அவரே வாசிப்பார். எவரும் கடிதத்தைக் காட்டு என்று கேட்பதில்லை. தமிழர் தங்கள் பிள்ளைகள் விஷயத்தில் பொய் சொல்வார்களா என்ன? மூத்தவன் ஜெரோசனுக்கு அவர் கையாலேயே பதக்கம் போட்டார். போன வருடத்துக்கு முந்திய வருடம் ஆனி மாதம் யாதவிக்கு ரியால் என்று கடிதம் வந்து ஒன்பதாம் நாள் ஆண்டு விழா. பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன. மேடையில் நின்று வாசிக்கும்போது பன்னிரண்டாவதாக ஒரு பெயரை அவர் வாய் வாசித்தது. யாதவி எழுந்து வந்தாள். பச்சைப் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. குனிந்து பதக்கத்தை வாங்கிக்கொண்டாள். அவள் நெற்றி வியர்த்திருந்ததை அவர் மட்டும் கண்டார்.

அதற்குப் பிறகு, ஆரா நகரத்தில் பெட்ஸ் இன்னும் திறம் என்று அங்கே அனுப்பியிருக்கிறோம் என்று ஊருக்குச் சொன்னார்கள். ரயில் ஆராவைத் தாண்டி ஓல்டனுக்குத்தான் போனது.

பார்வை நாளுக்கு முதல் நாள் இரவு சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவர் மகளிடம் சொன்னார்: "நாளைக்கு உங்கட பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆளோடை வாறன். என்னைக் கண்டா தெரியாத மாதிரி இரு."

"ஓம்" என்றாள் யாதவி. ஏன் என்று கேட்கவில்லை.

"ஒருநாள் பிள்ளையை வீட்டிலை நிப்பாட்டினால் என்னப்பா?" என்றாள் மனைவி ராஜேஸ்வரி.

"காய்ச்சல் இல்லாமல் காய்ச்சல் எண்டு கடிதம் எழுதச் சொல்லுறியோ? எங்கட குடும்பத்திலை கள்ளக் கடிதம் எழுதிற பழக்கம் இல்லை."

ராஜேஸ்வரி அவரைப் பார்த்தாள். பிறகு ரசத்தைச் சூடாக்கப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் பழைய நெசவாலைக் கட்டடத்தில் இருந்தது. விருந்தினர்களுக்கு வழிகாட்டப் பிள்ளைகளையே நிறுத்தியிருந்தார்கள். வாசலில் பெயர் எழுதி ஒட்டும் மேசையில் யாதவி நின்றாள். முன்பதிவில் தவச்செல்வனின் தமிழ்ப் பெயரைக் கண்டதும் ஆசிரியை நல்லெண்ணத்தில் அவளை இவர்களுக்கு ஒதுக்கியிருக்கவேண்டும். கழுத்தில் தொங்கிய பெயரட்டையை அவள் மறுபக்கம் திருப்பிவிட்டிருந்தாள்.

"உங்கள் பெயர் என்ன?" என்று ஜெர்மன் மொழியில் மரியாதையாகக் கேட்டாள்.

தில்லைநாதன் சொன்னார்.

"எழுத்துக் கூட்டிச் சொல்ல முடியுமா?"

அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். தன் பெயரின் பின்பாதியான அதே பெயரை யாதவி முதல்முறை கேட்பவள்போல எழுதினாள். பெயர் வில்லையை உரித்து அவர் கோட்டில் ஒட்டி, விரலால் ஒரு தடவை அழுத்தினாள்.

குறை கண்டுபிடிக்கும் கண்ணோடுதான் அவர் நடந்தார். கழிவறைகளைத் திறந்து பார்த்தார், துப்புரவாக இருந்தன. கொப்பிகளைப் புரட்டினார். புள்ளியும் இல்லை, வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியர் கையெழுத்தில் இரண்டு மூன்று வரி இருந்தது. ஒரு வகுப்பில் நரைத்த ஆசிரியர் ஒருவர் ஒரு பெண்ணின் மேசைக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார். அந்தப் பெண் திக்கித் திக்கி வாசித்தாள். எவரும் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. தவச்செல்வன் கதவடியிலேயே நின்றுவிட்டான். அவன் மகள் ஹரிஷா பாடனுக்கு வந்த நாளிலிருந்து வகுப்பில் வாய் திறப்பதில்லை. இடைவேளையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று ஆசிரியை சொல்லியனுப்பியிருந்தாள். கோடை விடுமுறை முடிந்தால் ரியால்.

கடைசி அறையில் யாதவி தன் குழு செய்த பாலத்தை விளக்கினாள். குச்சிகளால் ஆன பாலம். பாரம் எங்கே இறங்குகிறது, எங்கே முதலில் முறியும் என்று சொல்லிக்கொண்டே போனாள். வீட்டில் நாளைக்குப் பத்துச் சொல் பேசாத பிள்ளை. அவள் கைகள் இப்படி அசையும் என்பது தில்லைநாதனுக்குத் தெரியாது. அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

அப்போதுதான் தவச்செல்வன் தமிழில் கேட்டான்: "பிள்ளை தமிழெல்லோ? பேர் என்ன?"

"ஜெனனி" என்றாள் யாதவி உடனே.

"நல்ல பேர். அப்பா எங்கை வேலை?"

தூரத்து ஊர் ஒன்றாகத் தேடிச் சொன்னாள். "இன்டர்லாக்கன். ஹோட்டல் குசினியிலை."

"அட, இன்டர்லாக்கனோ! நான் அங்கை பதினெட்டு வருசம் எல்லோ. எனக்குத் தெரியாத தமிழ்க் குசினி ஒண்டும் இல்லை. எந்த ஹோட்டல்? அப்பான்ரை பேரைச் சொல்லும் பாப்பம்."

பதினாறு வருடம் மேடையில் பேசிய தில்லைநாதன், பாலத்தின் குச்சிகளை எண்ணுபவர்போலக் குனிந்தார். யாதவி அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"அப்பா இப்ப இல்லை" என்றாள். "செத்துப்போனார்."

தவச்செல்வன் கையை அவள் தலையில் வைத்தான். "ஐயோ பிள்ளை. தெரியாமல் கேட்டுப்போட்டன். எப்ப?"

"ரெண்டு வருசம்."

திரும்பும் ரயிலில் ஆரா கடந்த பிறகு தவச்செல்வன் சொன்னான்: "அண்ணை, தகப்பன் இல்லாத பிள்ளை. எப்பிடிக் கதைக்குது பாத்தியளே? என்ரை ஹரிஷாவும் அப்பிடி நிமிந்து நிண்டு கதைச்சால் எனக்குக் காணும். பெட்ஸும் வேண்டாம் ஒரு கோதாரியும் வேண்டாம்."

தில்லைநாதன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஹரிஷா சேர்ந்தால் ஒரு கிழமைக்குள் யாதவியின் உண்மைப் பெயர் தெரியும். இரண்டு கிழமைக்குள் பாடன் முழுக்கத் தெரியும். பன்னிரண்டாவது பெயர். பதக்கம். பிறகு எந்த முகத்தோடு அந்த மேடையில் ஏறுவது? ஜெரோசனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்கள்? அப்பன் ஆட்டிவைத்த பொய் என்று யாதவியைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்களா? எல்லாம் அவளுக்காகத்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். ஒட்டிய வில்லையை மெதுவாக உரித்து, கிழிக்க மனம் வராமல், சட்டைப் பைக்குள் வைத்தார்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்ததும் ஐந்து குடும்பங்களும் மேல்மாடி அறையில் கூடின. எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த கலாவதி, "சொல்லுங்கோ அண்ணை, போடலாமோ?" என்றாள். இரண்டாவது மகனுக்காக அவளும் படிவம் வைத்திருந்தாள்.

"கட்டடம் நல்லது. வாத்திமார் பண்பானவை" என்று தொடங்கினார் தில்லைநாதன். குரல் தெளிவாக இருந்தது. "ஆனால் எங்கட பிள்ளையளுக்குச் சரிவராது. அது குழம்பின குடும்பத்துப் பிள்ளையளைச் சேத்துவைக்கிற இடம். தகப்பனைத் தின்னக் குடுத்த ஒரு தமிழ்ப் பிள்ளையும் நிக்குது. தவச்செல்வன் தன்ரை கண்ணாலை கண்டவர். அங்கை விட்டால் நாளைக்கு உங்கட பிள்ளையையும் அந்தக் கணக்கிலைதான் சனம் வைக்கும்."

எல்லோரும் தவச்செல்வனைப் பார்த்தார்கள். "ஓம், நிண்டது..." என்றான். "ஆனா அந்தப் பிள்ளை..."

"நான் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டன். உம்மடை பிள்ளை, உம்மடை விருப்பம்."

அறையில் ஒரு கதிரை நகர்ந்தது. கலாவதி தன் படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். தவச்செல்வன் இன்னும் சிறிது நேரம் அந்தப் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றான்.

ஆவணி மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்தன. தில்லைநாதன் வழக்கம்போலக் கோப்பையோடு பல்கணியில் நின்றார். உள்ளே சப்பாத்து நாடா கட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா, போட்டு வாறன்."

முன்பெல்லாம் அது, அம்மா, அப்பா என்று இரண்டு பேருக்குமாக வரும். ஓல்டன் போய்வந்த நாளிலிருந்து ஒருவருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். கதவு சாத்தப்பட்டது, லிப்ட் இறங்கியது.

கீழே தெருவில் யாதவி ரயில் நிலையத்தை நோக்கி ஏறினாள். எதிர்ப்பக்கமாக, முதுகுக்குப் பெரிய புதுப் பையோடு ஒரு பிள்ளை சுவரோரமாக ரியால் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தாள். தவச்செல்வனின் மகள். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. நடைபாதை ஒடுக்கமாக இருந்ததால் யாதவி தெருவில் இறங்கி வழிவிட்டாள். ஹரிஷா தலை நிமிராமல், விரலால் சுவரைத் தடவியபடியே கடந்து போனாள்.