காகிதச் சம்பளம்

இது இரண்டாயிரத்து நான்கில் நடந்ததா, அடுத்த ஆண்டிலா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தேசப்பன் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னான். ஒவ்வொரு முறையும் ஆண்டு மாறியது. தொகைகள் மட்டும் மாறவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையின் டைம் ஆபீசில் தேசப்பன் கிளார்க். அங்கே சம்பளத்துக்கு இரண்டு நோட்டுகள். இன்ஸ்பெக்டருக்குக் காட்டும் ரிஜிஸ்டர் ஒன்று. பழுப்பு அட்டை போட்டது இன்னொன்று. அவன் தங்கை முத்தம்மாவின் புருஷன் குப்புராஜுக்கு ரிஜிஸ்டரில் இரண்டாயிரத்து முந்நூறு, பழுப்பு நோட்டில் ஆறாயிரத்து இருநூறு. ஆட்கள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, மிச்சத்தைக் கவரில் வாங்கிக்கொள்வார்கள். இரண்டையும் எழுதியவன் தேசப்பன்தான். குப்புராஜுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

குப்புராஜ் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு முத்தம்மாவையும் ஐந்து வயது ஸ்ரீவாணியையும் வெளியே அனுப்பினான். முத்தம்மா பக்கத்திலிருக்கும் ஆரணியில் ஓர் அறை எடுத்து, இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போனாள். பிள்ளைக்கு மாதம் இரண்டாயிரம் கேட்டு ஜீவனாம்ச வழக்குப் போட்டாள்.

கோர்ட்டு ஆலையிடம் சம்பளச் சான்று கேட்டது. மேனேஜர் தேசப்பனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை அவர் அவனை உட்காரச் சொன்னதில்லை.

"நெஜத்த எழுதினா உன் மச்சான் கணக்கு மட்டுமா வெளிய வரும்? இருநூறு பேர் கணக்கு வரும். அப்புறம் நீ எங்க உக்காருவ?"

தேசப்பன் இரண்டாயிரத்து முந்நூறு என்று எழுதினான். மேனேஜர் பார்க்காமலே சீல் வைத்தார். தேசப்பனும் தனக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தான். குறைகிற பணத்தில் ஒரு பங்கை மாதாமாதம் தானே தங்கைக்குக் கொடுத்துவிடலாம். காகிதத்தில் ஒன்று, கையில் ஒன்று என்பது ஆலையில் அவன் தினமும் செய்கிற வேலை. வாழ்க்கையிலும் அப்படியே நடத்திவிடலாம் என்று நம்பினான்.

சாட்சிக் கூண்டில் ஏறி, சான்று சரிதான் என்றான். முத்தம்மாவிடம் அவளுடைய வருமானத்தைக் கேட்டார்கள். ஆயிரத்து இருநூறு என்று உள்ளதைச் சொன்னாள். பிறகு நீதிபதியைப் பார்த்து, "ஐயா, அவரு கையில ஆறாயிரத்துக்கு மேல வாங்கறாரு. அஞ்சு வருசம் நானே எண்ணி வெச்சிருக்கேன்" என்றாள்.

அதற்குக் காகிதம் இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார்.

"எங்கண்ணங்கிட்ட இருக்குதுங்க."

நீதிபதி தேசப்பனைப் பார்த்தார். தேசப்பன் மேஜை மேல் இருந்த சான்றைப் பார்த்தான். அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. அதற்குள் பேசியிருக்கலாம் என்பதை மட்டும் இரண்டு முறையும் சொன்னான்.

தீர்ப்பில் கணக்கு ஒழுங்காகவே இருந்தது. வருமானம் இரண்டாயிரத்து முந்நூறு. அதில் குப்புராஜின் சாப்பாடு, வாடகை, அவன் அம்மாவின் மருந்து. முத்தம்மா சொந்தமாகச் சம்பாதிக்கிறாள். ஆகவே பிள்ளைக்கு மாதம் நானூறு. பொய்யான சம்பளத்திலும் உண்மையான கூலியிலும் கழித்தல் கூட்டல் பிசகவில்லை.

வெளியே டீக்கடையில் குப்புராஜ் தேசப்பனுக்கும் ஒரு டீ சொன்னான்.

"ஒரு நாளைக்குப் பதிமூணு ரூவா மச்சான். என் பீடிக்கே பத்தாது. நீ நல்லாருக்கணும்."

தேசப்பன் அந்த டீயைக் குடித்தான்.

முதல் மாதம் தங்கையிடம் ஐந்நூறு கொடுத்தான். இரண்டாம் மாதம் முந்நூறு. மூன்றாம் மாதம் மகனுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. அதன்பின் அவன் ஆரணிப் பக்கம் போகவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, சிவக்கக் காய்ந்த கம்பியொன்று ரோலரில் ஏறாமல் திரும்பி குப்புராஜின் வயிற்றில் பாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. விவாகரத்து ஆகாததால் இ.எஸ்.ஐ. பென்ஷன் முத்தம்மாவுக்கும் பிள்ளைக்கும் வரும். சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது என்றார்கள். எழுத வேண்டிய படிவம் தேசப்பனின் மேஜைக்கு வந்தது.

இந்த முறை மேனேஜர் கூப்பிடவில்லை. யாருமே எதுவும் சொல்லவில்லை. தேசப்பன் ஒரு துண்டுத் தாளில் ஆறாயிரத்து இருநூறுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தான். நாலாயிரத்து முந்நூற்று நாற்பது வந்தது. அதை எழுதினால், கோர்ட்டில் அவன் கையெழுத்தோடு கிடக்கும் சான்று பொய்யாகிவிடும். சத்தியம் செய்து சொன்ன பொய். துண்டுத் தாளைக் கிழித்துப் போட்டான். படிவத்தில் இரண்டாயிரத்து முந்நூறு என்று எழுதினான். எழுத்து எப்போதும்போல் ஒழுங்காக விழுந்தது என்று சொன்னான். அதைத்தான் அவனால் மறக்க முடியவில்லையாம்.

பென்ஷன் உத்தரவை அவனே கொண்டுபோனான். முத்தம்மா அப்போதுதான் கொட்டகையிலிருந்து வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் வெந்து உரிந்திருந்தது. தொகையை இரண்டு முறை படித்தாள்.

"ஆயிரத்து அறுநூத்திப் பத்து. உசுரோட இருந்தவன் நானூறு குடுத்தான். செத்தவன் தேவலாம்" என்றாள். காகிதத்தை மடித்து வைத்தாள். "இன்னாண்ணா எழுதின?"

ரிஜிஸ்டரில் இருந்ததை எழுதினேன் என்றான்.

அவள் உலை வைக்க எழுந்தாள். ஸ்ரீவாணி மாமனுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனபோது, "வேணாம்டி, அவரு கெளம்பறாரு" என்றாள்.

மேனேஜர் வேறு ஆலைக்குப் போய்விட்டார். குப்புராஜோடு இருந்தவள் சூளூர்ப்பேட்டைக்குத் திரும்பிவிட்டாள். ஸ்ரீவாணி எட்டாம் வகுப்போடு நின்று, அம்மாவோடு இறால் உரிக்கப் போகிறாள். முத்தம்மா அண்ணனோடு பேசுவதில்லை. தேசப்பன் இன்னும் அதே டைம் ஆபீசில்தான் இருக்கிறான். இரண்டு நோட்டுகளையும் அவன்தான் எழுதுகிறான்.